நினைவூட்டல் போகாத ஒன்பது ஆண்டுப் பிறப்பினர்: ஓர் ஓய்வூதிய நிதியகம் 2000-ஆம் ஆண்டை எதிர்கொண்ட விதம்

பின்னணி

இந்த ஆய்வு ஓர் ஓய்வூதிய நிதியகத்தில் 1997-இன் தொடக்கத்திலிருந்து 2000-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை நடந்தவற்றைப் பதிவு செய்கிறது. அரசு ஊழியர்களுக்கும் சில தனியார் நிறுவனங்களின் பணியாளர்களுக்கும் மாதந்தோறும் ஓய்வூதியம் கணக்கிட்டு, வங்கிகள் வழியாக அனுப்புவது அந்த நிதியகத்தின் பணி. ஆயத்தக் குழுவில் நான் நிரலாளராக இருந்தேன். நிறுவனத்தையோ ஆட்களையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

நிதியகத்தின் கணக்குகள் ஒரு மெயின்ஃபிரேமில், அதாவது ஒரு பெரிய மையக் கணினியில், பெரும்பாலும் கோபோல் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட நிரல்களால் நடந்தன. அவற்றில் மிகப் பழையவை துளையட்டைக் காலத்தைச் சேர்ந்தவை. ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கு மேல் இடமில்லாததால், ஓர் ஆளின் பெயர், எண், பிறந்த நாள், பணியில் சேர்ந்த நாள், சந்தா அனைத்தையும் அதற்குள் அடக்க வேண்டியிருந்தது; ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களை விட்டதால் தேதி ஒன்றுக்கு இரண்டு இடங்கள் மிஞ்சின. இதைப் பின்னாளில் சோம்பல் என்று எழுதியவர்கள் அந்த அட்டைகளைக் கையாண்டிருக்க மாட்டார்கள். அட்டை போய் காந்த நாடாவும் வட்டும் வந்த பிறகும் பழைய கோப்பின் வடிவத்தை எவரும் தொடவில்லை. ஒரு கோப்பை மாற்றினால் அதைப் படிக்கும் எல்லா நிரல்களையும் மாற்ற வேண்டும் என்பதே காரணம்.

2000-ஆம் ஆண்டு பிறந்து, இரண்டு இலக்கங்கள் 00 ஆனதும், தேதிக் கணக்குகள் பிழையாகும். 1993-லிருந்தே இந்தச் சிக்கல் கணினித் துறை இதழ்களில் பேசப்பட்டது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், எங்களைப் போலவே ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு, 1989-லேயே பணியைத் தொடங்கியிருந்தது. நாங்கள் எட்டு ஆண்டுகள் பிந்தியிருந்தோம். எங்கள் மேலாண்மைக்கு விழிப்பு வந்தது கட்டுரைகளால் அல்ல, தணிக்கையாளர் எழுதிய ஒரு பத்திக் கடிதத்தால்: 2000 ஜனவரி மாத ஓய்வூதியம் எந்த ஆதாரத்தின் பேரில் வழங்கப்படும் என்று அவர் கேட்டிருந்தார்.

கணக்கெடுப்பில் கண்டவை

ஆறு நிரலாளர்களும், ஓய்வூதியப் பிரிவிலிருந்து இரண்டு அலுவலர்களும் கொண்ட குழு அமைக்கப்பட்டது. 1997-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, வேலையை ஐந்து கட்டங்களாகப் பிரித்திருந்தது: விழிப்பு, மதிப்பீடு, திருத்தம், சரிபார்ப்பு, நடைமுறைக்குக் கொண்டுவருதல். நாங்களும் அதையே பின்பற்றினோம். மதிப்பீட்டுக்கு மூன்று மாதம் ஒதுக்கினோம். ஏழு மாதம் ஆயிற்று.

முதல் வாரத்திலேயே ஒருவர் வயதுக் கணக்கைச் சோதித்துவிட்டுச் சிக்கலே இல்லை என்று அறிவித்தார். அந்த நிரல் நடப்பு ஆண்டின் இரண்டு இலக்கங்களிலிருந்து பிறந்த ஆண்டின் இரண்டு இலக்கங்களைக் கழித்து வயது காணும். விடையை வைக்க ஒதுக்கிய இடமான புலத்தில் கழித்தல் குறிக்கு இடமில்லை. ஆகவே 1933-இல் பிறந்தவருக்கு 00-இலிருந்து 33 கழிந்து, குறி உதிர்ந்து, வயது 33 என்று நிற்கும். ஓய்வு பெற்றவர் இளைஞராகி, ஓய்வூதியத் தகுதியை இழப்பார். சோதித்தவர் எடுத்துக்கொண்ட மாதிரிப் பதிவு 1950-இல் பிறந்த ஒருவருடையது. அந்த ஓர் ஆண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் தவறான கணக்கும் சரியான விடையான 50-ஐயே தரும். இரண்டாம் வாரத்தில் வேறு பதிவுகளை எடுத்த பிறகே குழுவில் அனைவருக்கும் நிலைமை புரிந்தது.

அதைவிடக் கடுமையான ஒன்று கோப்புகளுக்குள் இருந்தது. ஒவ்வோர் ஓய்வூதியத்துக்கும் முடிவு நாள் என்றொரு புலம் உண்டு. குடும்ப ஓய்வூதியம் பெறும் பிள்ளைக்கு அவர் வயது வந்தவராகும் நாள் அதில் இருக்கும். ஆயுள் முழுவதும் பெறுபவருக்கு முடிவு நாள் கிடையாது என்பதால், எழுபதுகளில் எவரோ அதில் 991231 என்று நிரப்பியிருந்தார். அவர் கருதியது ‘என்றைக்கும்’. கணினி படிக்கப்போவது 1999 டிசம்பர் 31. எதையும் தொடாமல் விட்டிருந்தால், எங்களிடம் ஆயுள் ஓய்வூதியம் பெற்ற அனைவரின் கணக்கும் ஒரே இரவில் முடிந்திருக்கும்.

காந்த நாடாக்களிலும் இதே வழக்கம் இருந்தது. ஐபிஎம் மெயின்ஃபிரேம்களில் ஒரு நாடாவை நிரந்தரமாக வைத்திருக்க, காலாவதி நாளாக 99365 என்று, அதாவது 1999-இன் 365-ஆம் நாள் என்று குறிப்பது வழக்கம். அந்த எண்ணுக்குச் சிறப்புப் பொருள் உண்டு என்பதை நாடா மேலாண்மை மென்பொருள் அறிந்திருந்தாலும், எங்கள் பழைய நிரல்களில் சில அதைச் சாதாரணத் தேதியாகவே ஒப்பிட்டன. 2000-ஆம் ஆண்டு லீப் ஆண்டு என்பதிலும் தடுமாற்றம் இருந்தது. நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டாகாது என்ற விதியை அறிந்த ஒருவர், நானூறால் வகுபட்டால் ஆகும் என்ற மிச்சத்தை எழுதாமல் விட்டிருந்தார். விதியையே அறியாமல் நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தவரின் நிரல் சரியாக இருந்தது.

சில நிரல்களுக்கு நிரலாளர் எழுதிய மூல வடிவமே கிடைக்கவில்லை. கணினி இயக்கும் வடிவம் மட்டும் இருந்தது. அவற்றைத் திருத்த வழியில்லாததால் புதிதாக எழுதினோம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

எல்லாத் தேதிகளையும் நான்கு இலக்க ஆண்டாக விரிப்பதே முழுத் தீர்வு. அதற்குக் கோப்புகள், நிரல்கள், திரைகள், அச்சுப் படிவங்கள், வங்கிகளுக்கும் வரித்துறைக்கும் போகும் பரிமாற்றக் கோப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் மாற வேண்டும். இருந்த காலத்தில் அது நடக்காது என்பது 1998-இன் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஆகவே மூன்று வகையாகப் பிரித்தோம்.

முதல் வகை, பணம் வழங்குவதைத் தீர்மானிக்கும் தேதிகள்: பிறந்த நாள், ஓய்வூதியத் தொடக்க நாள், முடிவு நாள். முதன்மைக் கோப்பில் இவை நான்கு இலக்கமாக விரிக்கப்பட்டன. பிறந்த நாளுக்கு வேறு வழியும் இல்லை. நூறு வயதைக் கடந்தவர்கள் பட்டியலில் இருந்தார்கள். அமெரிக்காவில் 104 வயது மூதாட்டி ஒருவருக்கு மழலையர் பள்ளியில் சேர அழைப்பு வந்த செய்தியை அந்நாளில் எல்லோரும் சிரித்துக்கொண்டே மேற்கோள் காட்டினார்கள். எங்கள் கோப்பில் அப்படிப்பட்டவர்களுக்கு அழைப்பு போகாது, ஓய்வூதியம்தான் நிற்கும்.

இரண்டாம் வகை, பரிமாற்றக் கோப்புகள். இவற்றில் ஆண்டு இரண்டு இலக்கமாகவே இருக்கும். படிக்கும் நிரல் ஓர் எல்லை ஆண்டை வைத்து நூற்றாண்டை ஊகிக்கும். 00 முதல் 39 வரை 2000-களைச் சேர்ந்தது, 40 முதல் 99 வரை 1900-களைச் சேர்ந்தது என்று முடிவு செய்தோம். பணிப் பதிவேடுகளில் புழக்கத்தில் இருந்த மிகப் பழைய சேர்ந்த நாள் 1940-களின் தொடக்கத்தில் இருந்ததே 40-ஐத் தேர்ந்ததற்குக் காரணம். இந்த முறை 2039-உடன் செல்லாது போகும் என்பதை அறிந்தே ஏற்றோம். அதற்குள் இந்தக் கணினியே இருக்காது என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டது. எழுபதுகளில் 99-ஐ நிரப்பியவரும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று ஒருவர் சொன்னதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

மூன்றாம் வகை, மனிதர் கண்ணால் படிக்கும் பட்டியல்களும் கடிதங்களும். இவற்றைத் தொடுவதில்லை என்று முடிவாயிற்று. 24 என்று அச்சிட்டால் அது 1924 என்பது படிப்பவருக்குத் தெரியும் என்பது எங்கள் வாதம். அந்த முடிவின் கீழ் நானும் கையொப்பமிட்டேன்.

கூட்டாளி அமைப்புகளும் சோதனையும்

எங்கள் பணி முடிந்தாலும் வங்கி தயாராக இல்லாவிட்டால் ஓய்வூதியம் எவரையும் சேராது. கூட்டாளிகளிடம் ‘நீங்கள் தயாரா’ என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்கு, வழக்கறிஞர் எழுதியவை போன்ற பதில்கள் வந்தன. தயார் என்று உறுதி கூறிவிட்டுப் பின்னர் தவறு நேர்ந்தால் வழக்குத் தொடுக்கப்படும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. உலகெங்கும் இதே நிலைதான். அமெரிக்கா 1998 அக்டோபரில், நல்லெண்ணத்துடன் தரப்படும் தயார்நிலைத் தகவல்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் 120-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஒருங்கிணைப்பாளர்கள் ஐக்கிய நாடுகள் அவையில் கூடினார்கள். 1999 பிப்ரவரியில் உலக வங்கியின் ஆதரவுடன் ஒரு பன்னாட்டு ஒத்துழைப்பு மையம் உருவாயிற்று. எங்கள் அளவில், கடிதப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கூட்டாளியுடனும் ஒரு சோதனைக் கோப்பை உண்மையாகவே அனுப்பிப் பெறுவது என்று முடிவு செய்தோம்.

அந்த முடிவு நல்ல பலன் தந்தது. எங்கள் எல்லை ஆண்டு 40; ஒரு வங்கியுடையது 30; வரித்துறையுடையது 50. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. ஆனால் பரிமாற்றக் கோப்பில் எதிர்பார்க்கும் ஓய்வு நாள் என்றொரு புலம் இருந்தது. 1998-இல் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் 2041-இல் ஓய்வு பெறுவார் என்றால், வரித்துறை அனுப்பும் 41-ஐ எங்கள் நிரல் 1941 என்று படித்து, அவரை ஏற்கெனவே ஓய்வு பெற்றவராக்கியது. அந்தப் புலத்தை மட்டும் கடைசி நேரத்தில் இரு தரப்பும் நான்கு இலக்கமாக விரித்தோம்.

கணினிக் கடிகாரத்தை முன்னே தள்ளும் சோதனை தனி இயந்திரத்தில் நடந்தது. 1999 செப்டம்பர் 9 (எண்களில் 9-9-99), ஆண்டின் கடைசி இரவு, 2000 பிப்ரவரி 28-லிருந்து மார்ச் 1 வரை, ஆண்டின் 366-ஆவது நாளான டிசம்பர் 31 ஆகியவை எங்கள் பட்டியலில் இருந்தன. முதல் முயற்சியில் எங்கள் நிரல்கள் ஓடவே இல்லை. வாடகை மென்பொருள் ஒன்றின் உரிமம் காலாவதியாகிவிட்டது, சோதனைப் பயனர்களின் கடவுச்சொற்களும் காலாவதியாகிவிட்டன. புதிய உரிமம் பெறவே மூன்று வாரம் போயிற்று.

1999-இன் கடைசி மாதங்கள்

அக்டோபர் முதல் எந்த நிரலையும் மாற்றுவதில்லை என்று உறைநிலை அறிவித்தோம். அப்போது அரசு ஓய்வூதிய விகிதத்தைத் திருத்தி, ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தச் சொன்னது. இரண்டையும் ஒரே மாதத்தில் செய்தால், பிழை வந்தால் அது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது என எழுதிக் கொடுத்தோம். திருத்தம் ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டது. ஜனவரியைப் பொறுத்தவரை அது சரியான முடிவு. ஏப்ரலுக்கு அது எதைக் கொண்டுவந்தது என்பது பின்னால் வரும்.

கணினி தவறினால் கைக்கொள்ளும் மாற்றுத் திட்டம் எளிமையாக இருந்தது. டிசம்பர் மாத வழங்கல் பட்டியலின் நகல் ஒன்றை ஒவ்வொரு வங்கிக்கும் முன்கூட்டியே கொடுத்து, ஜனவரிக் கோப்பு வராவிட்டால் டிசம்பர் தொகையையே வரவு வைக்கவும், வேறுபாட்டைப் பின்னர் சரிசெய்யவும் உடன்பாடு செய்தோம். பணத் தட்டுப்பாடு வராது என்று வங்கிகள் உறுதியளித்தன. அமெரிக்க மத்திய வங்கி மட்டுமே கூடுதலாக 50 பில்லியன் டாலர் நோட்டுகளைத் தயார் செய்த காலம் அது.

இதே ஆண்டின் நடுவில், அலுவலகத்தின் மேசைக் கணினிகளும் அவற்றின் மென்பொருளும் புதுப்பிக்கப்பட்டன. பழைய எக்செல் போய், 2000-ஆம் ஆண்டுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் அறிவித்த புதிய பதிப்பு வந்தது. கணக்கெடுப்புப் பதிவேட்டில் இந்த மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் உள்ளன. அதில் ஊழியர்கள் தாங்களே உருவாக்கி வைத்திருந்த பணித்தாள்கள் பற்றி ஒரு வரியும் இல்லை.

நள்ளிரவும் ஜனவரியும்

டிசம்பர் 31 இரவு முழுக்குழுவும் அலுவலகத்தில் இருந்தது. கிழக்கே இருந்த நாடுகளிலிருந்து செய்திகள் வரத் தொடங்கியபோதே பெரிய பாதிப்பு இல்லை என்று தெரிந்தது. ஜப்பானில் அணுமின் நிலையம் ஒன்றின் கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவி பழுதானதாக வந்த செய்தி சற்றுக் கலக்கியது. எங்களிடம் ஓர் உள் அறிக்கையின் தலைப்பில் ஆண்டு 19100 என்று அச்சாயிற்று. 1900-லிருந்து எத்தனை ஆண்டு என்ற எண்ணின் முன் ‘19’-ஐ ஒட்டும் நிரலின் வேலை அது. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையப் பக்கத்திலும் அன்று அதே எண் தோன்றியது. ஜனவரி வழங்கல் பிழையின்றி முடிந்தது. பிப்ரவரி 29-உம் கடந்தது. மார்ச் முதல் வாரத்தில் குழு கலைக்கப்பட்டது.

ஏப்ரலில் நிகழ்ந்தது

ஏப்ரல் வழங்கலுக்குப் பிறகு, பணம் வரவில்லை என்று முதியவர்கள் அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். விகிதத் திருத்தம் அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்ததால், குறைகள் அனைத்தும் அதன் கணக்கிலேயே எழுதப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரம் நாங்கள் தவறான நிரலைத் துருவிக்கொண்டிருந்தோம். சரியான தடம் விசாரணை முகப்பிலிருந்து வந்தது. வந்தவர்களின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதிவந்த எழுத்தர், முப்பதுகளில் பிறந்த எவரும் அந்தப் பக்கங்களில் இல்லை என்பதைக் கவனித்து, தன் பிரிவு அலுவலரிடம் சொன்னார். வந்தவர்கள் எல்லோரும் 1921-க்கும் 1929-க்கும் இடையில் பிறந்தவர்கள்.

நடந்தது இதுதான். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்றிதழ் கேட்டுக் கடிதமும் படிவமும் போகும். மார்ச் 31-க்குள் சான்றிதழ் பதிவாகாவிட்டால் மெயின்ஃபிரேம் ஏப்ரல் முதல் வழங்கலை நிறுத்திவைக்கும். கடிதம் அனுப்புவதற்கான பட்டியலை மெயின்ஃபிரேம் ஒரு நெகிழ்வட்டில் (ஃபிளாப்பி) எழுதித் தரும். அது எங்கள் மூன்றாம் வகை. பிறந்த ஆண்டு இரண்டு இலக்கம். பிரிவில் ஓர் ஊழியர் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பட்டியலை எக்செல் பணித்தாளில் ஏற்றி, வயது கணக்கிட்டு, 60-க்கு மேற்பட்டவர்களைப் பிரித்து, முகவரி அச்சிடும் வழியை அமைத்திருந்தார். எண்பது வயதை எட்டியவர்களின் வீட்டுக்கே ஆள் போய்ப் பார்க்கும் வழக்கம் இருந்ததால், அவர்களுக்குக் கையால் எழுதிய தனிப் பட்டியல் இருந்தது.

பழைய எக்செல் பதிப்பு 00 முதல் 19 வரையுள்ள ஆண்டை 2000-களாகவும், 20 முதல் மேலே உள்ளவற்றை 1900-களாகவும் படிக்கும். எண்பதை எட்டியவர்கள் பணித்தாளுக்கு வெளியே இருந்ததால், 1999 வரை அந்த எல்லை எவரையும் தொடவில்லை. புதிய பதிப்பில் எல்லை 29-க்கு நகர்ந்திருந்தது. 1924-இல் பிறந்தவர் 2024-இல் பிறக்கப்போகிறவரானார். வயது எதிர்மறை எண்ணாகி, 60-க்கு மேற்பட்டோர் பட்டியலிலிருந்து அவர் சத்தமின்றி விழுந்தார். பிழைச் செய்தி எதுவும் தோன்றவில்லை. கடிதம் வராததால் அவர் சான்றிதழ் அனுப்பவில்லை; சான்றிதழ் வராததால், நாங்கள் இரண்டு ஆண்டுகள் உழைத்துத் திருத்திய முதன்மைக் கோப்பு, அவருடைய பிறந்த ஆண்டைச் சரியாக நான்கு இலக்கத்தில் வைத்துக்கொண்டே, அவருக்குப் பணத்தை நிறுத்தியது.

அதே மாதங்களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கணினி, தாயின் வயதைத் தவறாகக் கணக்கிட்டு, 150-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குத் தவறான முடிவு தந்துகொண்டிருந்தது. அதுவும் ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில்தான் வெளிப்பட்டது.

திருத்த நடவடிக்கை

இரண்டு வழிகள் இருந்தன: கடிதம் அனுப்பி, சான்றிதழ் வந்த பிறகு வழங்குவது, உடனே வழங்கிவிட்டுப் பிறகு சான்றிதழ் கேட்பது. முதல் வழியில், இறந்தவர்களின் கணக்குக்குப் பணம் போகும் இடர் இல்லை. தலைமை அலுவலர் இரண்டாவதைத் தேர்ந்தார். தவறு முழுவதும் நிதியகத்துடையது என்பதும், சில கணக்குகளில் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் பிடிக்கப்படும் தொகைகள் கணக்கில் பணமின்றி ஏற்கெனவே திரும்பத் தொடங்கிவிட்டன என்பதும் அவர் கோப்பில் எழுதிய காரணங்கள். 1921 முதல் 1929 வரை பிறந்து, ஏப்ரலில் நிறுத்தப்பட்ட எல்லோருக்கும் அந்த மாதத்திலேயே துணை வழங்கல் ஒன்று நடந்தது. மன்னிப்புக் கடிதமும் படிவமும் சேர்ந்தே போயின. இறந்தவர்களின் கணக்குக்குச் சென்ற சில தொகைகளை வங்கிகள் பின்னர் திருப்பின.

நெகிழ்வட்டுப் பட்டியலில் ஆண்டை நான்கு இலக்கமாக மாற்ற ஒரு நாளுக்கும் குறைவான வேலையே தேவைப்பட்டது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பை இயந்திரங்களிலிருந்தும் நிரல்களிலிருந்தும் தொடங்கியதே எங்கள் முதல் தவறு என்று நான் கருதுகிறேன். ஓர் ஓய்வூதியத்தை நிறுத்தக்கூடிய முடிவுகள் எவை, ஒவ்வொன்றும் எந்தத் தாளை நம்புகிறது என்று பின்னோக்கிக் கேட்டிருந்தால், உயிர்வாழ் சான்றிதழ்க் கடிதம் முதல் வகையில் இடம்பெற்றிருக்கும். மூன்றாம் வகையை வகுத்தபோது ஒரு பட்டியலையாவது எடுத்துக்கொண்டு, அதைப் படிப்பவரின் மேசைக்கு நாங்கள் போகவில்லை. பணித்தாளை உருவாக்கிய ஊழியரை அந்த இரண்டு ஆண்டுகளில் எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; அவர் மறைக்கவும் இல்லை. மார்ச்சில் குழுவைக் கலைத்ததும் அவசரம். ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் வேலைகள் எல்லாம் ஒரு சுற்று முடியும் வரை இரண்டு பேரையாவது வைத்திருந்தால், ஏப்ரலின் முதல் வாரம் வீணாகியிருக்காது. விகிதத் திருத்தத்தைத் தள்ளிவைத்த முடிவை இன்றும் மாற்றமாட்டேன். தள்ளிய மாதத்தில் வேறு என்ன நடக்கவிருக்கிறது என்று நாட்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

2000 ஜூனில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. வெளியே போகும் ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு பக்கம்: ஆண்டு எத்தனை இலக்கம், எல்லை ஆண்டு எது, அது செல்லும் கடைசி நாள், அதைப் பெறுபவர் அதைக் கொண்டு எதைத் தீர்மானிக்கிறார். மெயின்ஃபிரேமை மாற்றிப் புதிய கணினி அமைப்பு வாங்கியபோது இந்தப் பதிவேடே சோதனைப் பட்டியலாயிற்று. அப்போது இளம் உறுப்பினர்கள் சிலரின் எதிர்பார்க்கும் ஓய்வு நாள் 1900-களின் தொடக்கத்தில் காட்டப்பட்டது. புதிய அமைப்பின் ஒரு பகுதி, நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகளாக 32 பிட் (இரும இலக்க) எண்ணில் வைத்திருந்தது. அந்த எண் 2,14,74,83,647-ஐத் தாண்ட முடியாது, அது நிரம்பும் நேரம் சர்வதேச நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடி 1901 டிசம்பருக்குத் திரும்பும். நாற்பது ஆண்டுக்கு அப்பால் பார்க்கும் ஓய்வூதியக் கணக்குக்கு அந்த நாள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அமைப்பை ஏற்கும் முன் விற்பனையாளர் அந்தப் புலத்தை 64 பிட்டாக மாற்றித் தந்தார்.

எங்கள் பழைய எல்லை ஆண்டான 40-ஐ நம்பும் இரண்டு பரிமாற்றக் கோப்புகள் அந்தப் பதிவேட்டில் இன்னும் இருந்தன. அவற்றின் பக்கங்களில் கடைசி நாள் 31-12-2039 என்றும், பெறுபவர் எதைத் தீர்மானிக்கிறார் என்ற கட்டத்தில் ‘வரிப் பிடித்தம்’ என்றும் எழுதியிருந்தது.